மோனிக்கா சொல்லாத பெயர்

பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்த பிளாக், எந்த மாடி என்பதையும் சொல்லப்போவதில்லை. பிஸ்கட்டையும் மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். அதை மாற்றினால் நடந்தது விளங்காது, அதனால் விட்டுவிட்டேன். "எழுதுங்கக்கா, பேரை மட்டும் மாத்திடுங்க" என்று மோனிக்காவே சொன்னாள். இரண்டு வருடங்களுக்கு முன்னால் என்றால் இந்தக் கவலை அவளுக்கு வந்திருக்காது.

பினாங்குத் தீவில் எங்கள் ஜெலுத்தோங்கில் மோனிக்காவைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இருந்தால், அது போன வாரம்தான் வீடு மாறி வந்த குடும்பமாக இருக்கும். அரசாங்கக் கிளினிக்கில் கவுண்டர் வேலை. உள்ளே வருகிறவரின் அடையாள அட்டையை வாங்குவாள், பெயரைப் பார்ப்பாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்பாள்: "நீங்க யார் வீட்டுப் புள்ள?"

அப்பா பெயரைச் சொன்னால் போதும். எந்தத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம், எந்தக் கோவிலில் ஞானஸ்நானம், அத்தை எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்று மீதியை அவளே சொல்லிமுடிப்பாள். பிறகு அந்த ஆளைத் தனியாக விடமாட்டாள். ரத்தப் பரிசோதனை அறைவரை கூட நடப்பாள். டாக்டர் சொன்ன மலாய் புரியாவிட்டால் தமிழில் சொல்லித் தருவாள். நானே அவளால் எத்தனையோ முறை வரிசையைத் தாண்டி உள்ளே போயிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

சில வருடங்களுக்கு முன் அவளை எச்.ஐ.வி. பகுதிக்கு மாற்றினார்கள். பரிசோதனைக்கு வருகிறவர்களைப் பதிவது, மருந்து வாங்கும் தேதிக்கு வராதவர்களைப் போனில் தேடிப்பிடிப்பது, மாதக் கணக்கை மாநிலச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்புவது. தேடிப்பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. போன் நம்பர் மாறினாலும், வீடு மாறினாலும், அந்த ஆள் பசியாறுகிற கடையைக் கண்டுபிடித்துப் பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்துவிடுவாள். "மருந்து எடுத்தா ஒண்ணும் ஆகாதுடா, எல்லாரையும் போல வாழலாம், ஏண்டா சாகப் பாக்குற?" என்று காதோடு காதாகத் திட்டுவாள். பலரை அப்படித்தான் திரும்பக் கொண்டுவந்தாள். அந்தப் புண்ணியத்தை அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

நோயைப் பற்றி வெளியே வாய் திறக்க மாட்டாள். இதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள், உண்மையும்கூட. ஆனால் எங்கள் அன்பியம் என்று ஒன்று இருக்கிறது. பிளாக்கில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்வோம். கடைசியில் காப்பி, மீகூன் என்கிற அரிசிச் சேமியா. செபத்தின் முடிவில் லீனா, அவள்தான் எங்கள் பொறுப்பாளர், ஒவ்வொருவராகக் கேட்பாள்: "யாருக்காகச் செபிக்கணும்?" ஒருத்தி மகனின் பரீட்சைக்காக என்பாள், ஒருவர் முழங்காலுக்காக என்பார். மோனிக்கா பெயர் மட்டும் சொல்வாள். "கெலுகோர் பக்கம் ஒரு பையன், பேரு ஜெஃப்ரி. அவனுக்காக." அவ்வளவுதான். என்ன நோய் என்று சொல்லமாட்டாள்.

சொல்லத் தேவையே இல்லை என்பதுதான் விஷயம். மோனிக்கா எந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் "ஆமென்" சொல்லி முடிக்கும்முன் அறையில் நாலு தலை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். அடுத்த ஞாயிறு அந்த ஜெஃப்ரி பூசைக்கு வந்தபோது அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அப்புறம் அவன் ஈப்போவுக்குப் போய்விட்டான் என்றார்கள். கிளினிக்குக்கும் வரவில்லை. அவனைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று மோனிக்கா எங்களிடமே வந்து வருத்தப்பட்டாள். அவனுக்காக இன்னொரு முறையும் செபித்தோம். இப்போது நினைத்தால் எனக்கு எங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது.

மோனிக்கா விதவை, பிள்ளை கிடையாது. கிளிஃபர்ட் என்று ஒரு தம்பி, அவளைவிட ரொம்ப இளையவன், அவளோடு அதே வீட்டில் இருந்தான். ஏசி, எங்கள் பேச்சில் ஏர்கோன், ரிப்பேர் வேலை. மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏணியைக் கட்டிக்கொண்டு போவான். எங்கள் பிளாக்கில் அவன் கழுவாத ஏர்கோன் இல்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். பக்கத்து மாநிலம் கெடாவில், சுங்கை பட்டாணியில் ஒரு கம்பெனியின் ஏர்கோன்களைப் பார்த்துக்கொள்கிறான் என்பதால், அவ்வப்போது பாலத்தைத் தாண்டிப் போய்வருவான்.

இனி பிஸ்கட். மோனிக்காவிடம் உதவி வாங்கியவர்கள் அவளை வெறும் கையோடு விடமாட்டார்கள். பினாங்கில் நன்றி என்றால் தம்புன் பிஸ்கட்தான். உள்ளே பயறு வைத்து வட்டமாகச் சுட்டது, டப்பா டப்பாவாக வரும். மோனிக்காவுக்குச் சர்க்கரை. அதனால் டப்பாவைக் கிளிஃபர்டிடம் கொடுத்து, "உன் சுங்கை பட்டாணி கஸ்டமருக்குக் குடு" என்பாள். அவனும் மோட்டாரில் மாட்டிக்கொண்டு போவான். சில வருடம் இது இப்படியே நடந்தது.

போன வருடம் அவள் ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள். அவளுடைய கிளினிக்கில் தமிழர்களில் புதிய எச்.ஐ.வி. நோயாளிகள் குறைந்துகொண்டே வந்தார்கள். சில மாதம் ஒருவர்கூட இல்லை. டாக்டர் ஸ்ரீகரன், யாழ்ப்பாணக் குடும்பத்து மனிதர், அதிகம் பேசாதவர், அவரே கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டினாராம். அன்பியத்தில் மோனிக்கா நன்றிச் செபம் சொன்னாள். "நம்ம ஆளுங்க திருந்திட்டாங்க, ஆண்டவருக்கு நன்றி." நாங்களும் கைகூப்பினோம்.

அந்தச் சமயத்தில்தான் டப்பாக்கள் அவள் வீட்டு ஐஸ்பெட்டி மேல் சேர ஆரம்பித்தன. நான் போனபோது முதலில் ஒன்றிரண்டு இருந்தது. பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, கூரை விசிறியின் காற்றில் மேல்டப்பாவின் பிளாஸ்டிக் பை படபடத்துக்கொண்டே இருக்கும். "ஏண்டா, எடுத்துட்டுப் போகலையா?" என்று மோனிக்கா கேட்டால், "அந்தக் கம்பெனி வேலை போச்சுக்கா" என்பான். எறும்பு வரப்போகிறது என்று திட்டுவாள். எங்களில் யாராவது ஒரு டப்பாவை எடுத்துப்போவோம். அடுத்த வாரம் இன்னொன்று வந்துவிடும்.

கிளிஃபர்ட் இளைத்தான். பெல்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டிருந்தான். கேட்டால் டயட் என்றான். இருமல் வந்தது, ஏர்கோன் தூசி என்றான். பினாங்கு வெயிலில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் வீட்டு ஏர்கோனைக் கழுவ வந்தவன் ஏணியில் பாதி ஏறி அப்படியே நின்றுவிட்டான். "கீழ எறங்கு தம்பி" என்றேன். "ஒண்ணும் இல்லக்கா, பசியாறல" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. 

மோனிக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "வாடா, எங்க கிளினிக்குக்கு வா, ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம், நான் இருக்கேன்ல" என்று தினமும் கூப்பிட்டாள். நான் இருக்கேன்ல என்று அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். ஊரில் எல்லாருடைய நோயையும் முகத்தைப் பார்த்தே சொல்கிறவளுக்கு, தன் வீட்டில் இருமுகிறவனிடம் அந்தச் சந்தேகமே எழவில்லை. நம் வீட்டில் இருக்காது என்றுதானே எல்லாரும் நினைக்கிறோம்.

அப்புறம் வட மாநிலங்களின் கிளினிக் ஊழியர்களுக்கு பட்டர்வொர்த்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். காலை முழுக்கத் திரையில் கோடுகள்; எந்த மாநிலத்தில் ஏறியது, எதில் இறங்கியது. பினாங்கின் கோடு நன்றாகவே இறங்கியிருந்தது. தேநீர் நேரத்தில் மோனிக்காவின் மேசைக்கு ஜெயலெட்சுமி என்ற நர்ஸ் வந்து உட்கார்ந்தாள். கெடாவில் ஒரு கிளினிக்கில் வேலை. கலகலப்பான பெண்.

"உங்க பினாங்கு கணக்கு அழகா இருக்குக்கா. எப்படி இல்லாம போகும்? உங்க ஆளுங்க பாதிப் பேரு எங்க கிட்டதானே வர்றாங்க" என்றாள்.

"எங்க ஆளுங்களா?"

"நம்ம தமிழாளுங்கதான். சுங்கை பட்டாணி அட்ரஸ் ஏதாவது ஒண்ணு குடுத்துப் பதிஞ்சுக்குவாங்க. எங்க மாநிலக் கணக்குல ஏறிடும். ஏன் இவ்ளோ தூரம்னு கேட்டா, அங்க கவுண்டர்ல ஒரு அக்கா இருக்காங்களாம் லா. யார் வீட்டுப் புள்ளன்னு கேப்பாங்களாம். அப்புறம் செபத்துல பேரு வந்துடுமாம்!"

மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். மோனிக்காவும் சிரித்தாளாம். சிரித்துக்கொண்டே கோப்பையைக் கீழே வைத்தபோது தேநீர் தட்டில் கொட்டியது என்றாள் என்னிடம். எந்தக் கிளினிக், எந்த அக்கா என்று ஜெயலெட்சுமிக்குத் தெரியாது. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனாள்.

"ஒருத்தர் இருந்தார், தங்கமான மனுசன். வரும்போதெல்லாம் எங்களுக்குத் தம்புன் பிஸ்கட் ஒரு டப்பா. லேட்டா வந்து கண்டுபிடிச்ச கேஸ், உடம்பு ரொம்ப விட்டுப்போயிருந்துச்சு. ஆனா மருந்தை ஒழுங்கா எடுத்து, ரத்தத்துல கிருமியே தெரியாத அளவுக்குக் கொண்டுவந்துட்டார். அப்புறம் மேலிடத்துல சொன்னாங்க, பினாங்குன்னு தெரிஞ்சவங்களை பினாங்குக்கே அனுப்புங்கன்னு. நானும் சொன்னேன், தம்பி, ஏன் இவ்ளோ தூரம் வந்து சூசா படறீங்க, உங்க வீட்டுப் பக்கத்துலயே மருந்து கிடைக்கும், போய்ப் பதிஞ்சுக்குங்கன்னு. சரின்னு தலையாட்டினார். அதோட பிஸ்கட்டும் போச்சு."

"வந்து பதிஞ்சாரா?" என்று மோனிக்கா கேட்டாள்.

"அது உங்க கணக்குக்கா. எங்க கிட்ட மாத்தி அனுப்பியாச்சுன்னு முடிச்சுட்டோம்."

கெடா அனுப்பிவிட்டது, பினாங்கில் அப்படி ஒருவர் வரவே இல்லை. இரண்டு மாநிலத்தின் கோட்டிலும் அந்த ஆள் இல்லை. இரண்டு கோடும் இறங்கின.

வீட்டுக்கு வரும் வழியில், பாலத்தின்மேல் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு மோனிக்கா அந்த முகங்களை எல்லாம் நினைத்தாளாம். தன் கவுண்டரைத் தாண்டிப் பாலமேறிப் போனவர்கள் யார் யார் என்று கோவில் பெஞ்சு பெஞ்சாகத் தேடினாள். ஜெஃப்ரியை நினைத்து அழுகை வந்தது. நம் ஆட்கள் திருந்திவிட்டார்கள் என்று கைகூப்பியதை நினைத்து வெட்கம் தாங்கவில்லை. பிஸ்கட் விஷயம் மட்டும் அவளுக்கு உறைக்கவே இல்லை. தம்புன் பிஸ்கட்டைப் பினாங்கில் யார்தான் வாங்குவதில்லை.

கதவைத் திறந்து உள்ளே வந்தாள். விசிறி சுற்றியது. ஐஸ்பெட்டி மேல் பிளாஸ்டிக் பை படபடத்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

டப்பாக்கள் கூரையைத் தொடுகிற மாதிரி நின்றன. அறைக்குள் கிளிஃபர்ட் இருமிக்கொண்டிருந்தான்.

அவன் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்து, "சுங்கை பட்டாணி நர்ஸுக்கு பிஸ்கட் போய் ரொம்ப நாளாச்சாமே" என்று மட்டும் சொன்னாள். அவன் முகம் செத்துப்போனது. பிறகு ஜாக்கெட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான்.

"ஏண்டா என்கிட்ட சொல்லல? நான் உன் அக்காடா."

"அதனாலதான்" என்றான். "பக்கத்துலயே கிளினிக் இருக்கு, போய்ப் பதிஞ்சுக்கன்னாங்க. எந்தக் கிளினிக்குன்னு பார்த்தா உன் கவுண்டர். நான் எப்படிக்கா வந்து நிப்பேன்? நீ யாரையும் கெட்டது நினைக்க மாட்ட. ஆனா நீ பேரைச் சொல்லிடுவ. ஜெஃப்ரி என் கூட்டாளிக்கா."

மோனிக்கா என்னிடம் இதைச் சொன்னபோது வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். அவள் அவன் காலைப் பிடித்தாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு, என் கிளினிக்குக்கு வேண்டாம் என்று கெஞ்சினாள். அவன் ஒரே ஒரு வாக்குக் கேட்டான். "என் பேரு அன்பியத்துல வரக் கூடாது. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் இருக்க மாட்டேன்." சிலுவையைத் தொட்டு வாக்குக் கொடுத்தாள்.

நுரையீரல் முழுக்கத் தொற்று. வார்டில் சேர்த்தார்கள். தாமதம்தான், ஆனாலும் மருந்தை விடாமல் எடுத்தால் பிழைத்துக்கொள்வான், விட்டால் கஷ்டம் என்று அங்கிருந்த டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். கிளிஃபர்ட் தலையாட்டினான். இரண்டாம் நாள் கஞ்சி குடித்தான். வார்டில் ஏர்கோன் சொட்டுவதைப் பார்த்து, "அந்தக் குழாய் அடைச்சிருக்குக்கா" என்றானாம். அவன் வாயில் வேலைப் பேச்சு வந்ததும் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

எங்களிடம் அவள் தம்பி வேலையாக ஜொகூர் போயிருக்கிறான் என்றாள். நாங்கள் நம்பினோம். அந்த வாரம் அன்பியம் லீனாவின் வீட்டில். வராமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள் என்பதற்காகவே மோனிக்கா வந்தாள். செபமாலை முடிந்தது. லீனா வழக்கம்போல ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"மோனிக்கா, யாருக்காகச் செபிக்கணும்?"

 மடியில் செபமாலையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். "யாருக்கும் இல்ல" என்றாள்.

 இத்தனை வருடத்தில் மோனிக்காவிடம் பெயர் இல்லாத வாரமே கிடையாது. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் அவளைப் பார்த்தார்கள், அவள் கண்ணைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளிஃபர்டின் இருமலை அந்த பிளாக்கில் கேட்காதவர் யார்?  லீனா மட்டும் மீகூன் பரிமாறும்போது மோனிக்காவின் தோளைத் தொட்டு அழுத்தினாள். அந்த அழுத்தத்திலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது.

மறுநாள் லீனா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுடைய அண்ணி மகள் அங்கே வேலை செய்கிறாள்; எந்த வார்டு என்று கேட்டுக்கொள்வது பெரிய காரியமில்லை. கெட்ட எண்ணத்தில் போகவில்லை. ஆறுதல் சொல்லத்தான் போனாள், கையில் தம்புன் பிஸ்கட் டப்பாவோடு. கட்டில் பக்கத்தில் நின்று, "பயப்படாத தம்பி, நாங்க எல்லாரும் உனக்காகச் செபிக்கிறோம்" என்றாள்.

மோனிக்கா அப்போது கட்டிலின் அந்தப் பக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கிளிஃபர்ட் லீனாவைப் பார்க்கவில்லை, பிஸ்கட்டைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். "நான் சொல்லலடா" என்றாள் மோனிக்கா. "சத்தியமா நான் ஒருத்தர் கிட்டயும் சொல்லலடா."

அவன் "சரிக்கா" என்றான்.

அடுத்த நாள் காலையில் மோனிக்கா கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். கிளிஃபர்ட் தன் பொறுப்பில் வெளியேறுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். போன் அணைந்திருந்தது. பிளாக்குக்குக் கீழே மோட்டார் இல்லை, ஏணி மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது.

ஊரில் எவனையும் தேடிப்பிடிக்கிற மோனிக்கா தம்பியைத் தேடினாள். அவன் பசியாறும் கடைகள், கூட்டாளிகள், ஈப்போவில் ஜெஃப்ரி இருப்பதாகச் சொன்ன இடம். எங்கேயும் இல்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு ஜெயலெட்சுமியைக் கூப்பிட்டு, அந்தக் கவுண்டர் அக்கா நான்தான் என்று சொன்னாள்.  ஜெயலெட்சுமி, "வந்தா நான் விடமாட்டேன்கா. மருந்தை எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள்.

அதிலிருந்து லீவு போட்டுக்கொண்டு மோனிக்கா சுங்கை பட்டாணிக்குப் போக ஆரம்பித்தாள். பழையபடி மருந்துக்கு வருவான் என்று ஒரு நம்பிக்கை. கிளினிக் வாசலுக்கு நேரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு மோட்டாரையும் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். உள்ளே வந்த தமிழ்ப் பையன் ஒருவன் அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான். அப்படியே திரும்பி மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜெயலெட்சுமி வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க வர்ற நாள்ல பினாங்கு ஆளுங்க யாரும் உள்ள வர்றதில்ல. உங்க தம்பி வந்தாலும் உங்களைப் பார்த்தா வரமாட்டார்."

மோனிக்கா எழுந்தாள். பையிலிருந்து தம்புன் பிஸ்கட் டப்பாவை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "அவன் வந்தா நான் வந்தேன்னு சொல்லாதம்மா" என்றாள். பஸ்ஸுக்கு நடக்கும்போது பின்னால் ஒரு மோட்டார் கிளினிக் வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கப் போனேன். மோனிக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாக்காதீங்கக்கா" என்றாள். "நடங்க."